சிவப்புக் குறி விழுந்த இறக்கைகள்

மூன்று முறை தட்டினாள் அல்மா. நான்கு கேட்டது.

மரச்சுத்தியைத் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. பட்டறையில் சத்தத்துக்கா பஞ்சம்? கோடியில் வட்ட ரம்பம் வீறிட்டுக்கொண்டிருந்தது, வாசல் பக்கம் இரண்டு கிழவர்கள் பலகை இழைத்துக்கொண்டிருந்தார்கள், தகரக் கூரையின் பனி உருகி ஓரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவற்றுக்கெல்லாம் அவள் காது பழகிப்போயிருந்தது. இந்த நான்காவது ஓசை அவற்றில் எதுவும் இல்லை. அது இறக்கைக்கு உள்ளிருந்து வந்தது. ஒட்டுப்பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்துகொண்டு, விரல் முட்டியால், ஒரே ஒரு தடவை, மெதுவாகத் தட்டியது போல இருந்தது.

அந்த இறக்கைக்குள் ஓர் எலி நுழையக்கூட வழி கிடையாது. அதை மூடும்போது அவள் பக்கத்தில்தான் நின்றாள்.

"என்னம்மா, இறக்கைகிட்ட குசலம் விசாரிக்கிறியா?" என்றபடி மேஸ்திரி ட்ரிப்பல் பின்னால் வந்து நின்றார். முந்தைய போரில் இடது கையைத் தொலைத்தவர். காலிச் சட்டைக்கையை மடித்து ஊக்கு குத்தியிருப்பார். "அது பதில் சொல்ற வரைக்கும் நின்னா விடிஞ்சுடும். வெளியே லாரி நிக்குது."

பதில் சொல்லுதுங்க என்று வாய் வரை வந்ததை விழுங்கினாள். "ஈரப் பலகைங்க மேஸ்திரி. சத்தம் சரியாப் பிடிபடல."

"நீயும் உன் காதும்," என்று சிரித்துவிட்டு அவர் நகர்ந்தார். அல்மா சிவப்புச் சுண்ணக்கட்டியை எடுத்து இறக்கையின் அடிப்பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். ஒரு கோடு வளைந்துபோனது.

துரிங்கியக் காட்டின் ஓரத்தில் இருந்த அந்தப் பட்டறை போருக்கு முன் அலமாரியும் சவப்பெட்டியும் செய்துகொண்டிருந்தது. இப்போது இறக்கை செய்தது. அலுமினியம் தீர்ந்துபோன தேசம் மரத்தை ஒட்டி ஒரு விமானம் கட்டி, அதன் முதுகில் ஜெட் இன்ஜினை ஏற்றி, மக்கள் போர்விமானம் என்று பெயரும் வைத்துவிட்டது. பதினேழு வயதுப் பையன்களுக்கு நாலு வாரம் சொல்லிக்கொடுத்தால் போதும், அவர்களே ஓட்டிவிடுவார்களாம். வானொலி இதை அதிசய ஆயுதம் என்றது. ட்ரிப்பலுக்கு அதுவும் போதவில்லை. சாப்பாட்டு வேளையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"வட்டமா ஒண்ணு இருக்காம். இறக்கையே கிடையாதாம். நின்ன இடத்துலேருந்து ஜிவ்வுனு எழும்புதாம். இன்னொண்ணு, ஏதோ கதிராம். இங்கிலீஷ்காரன் வந்துட்டிருக்கும்போதே அவன் இன்ஜினெல்லாம் வானத்துலயே அணைஞ்சுபோயிடுமாம். அப்புறம் பொத்து பொத்துன்னு விழ வேண்டியதுதான். என் மச்சான் கண்ணால பார்த்தவன்கிட்ட பேசியிருக்கான்."

கேட்டவர்கள் டர்னிப் சூப்பைக் குடித்தபடி தலையாட்டினார்கள். அல்மாவும் ஆட்டினாள். அவள் கண்ணால் கண்ட அதிசய ஆயுதம் புளித்த முட்டைக்கோஸ் போல நாறியது. நல்ல பசை செய்த ஆலை குண்டுவீச்சில் எரிந்துபோக, அதற்குப் பதிலாக வந்த பசையின் வாடை அது. ஒட்ட வேண்டிய மரத்தையே அது அரித்துத் தின்றது. ஒவ்வொரு இறக்கையையும் ஜாண் ஜாணாகத் தட்டிப் பார்ப்பது அல்மாவின் வேலை. சவப்பெட்டி செய்த காலத்திலிருந்தே அந்தப் பட்டறையின் வழக்கம் அது: மூன்று தட்டு, பிறகு காது கொடுத்துக் கேட்பது. ஓசை கணீரென்று வந்தால் பசை பிடித்திருக்கிறது. பொதபொதவென்று வந்தால் சிவப்புக் குறி. குறி விழுந்தவை உடைத்து அடுப்பெரிக்கப் போகின்றன என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அப்படி யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

பசையைக் கிண்டியது பரஸ்கா. உக்ரைனிலிருந்து மாடு ஏற்றும் ரயில் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்த பெண். பசைக் கொட்டகைக்கும் அல்மா நின்ற இடத்துக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். மேஸ்திரி அந்தப் பக்கம் போனதும் பரஸ்கா சுவரில் ஒரு தட்டு தட்டுவாள். ஒன்றே ஒன்று. அல்மா தன் ரொட்டியின் காய்ந்த ஓரத்தைப் பலகை இடுக்கில் நீட்டுவாள். மூன்று விரல்கள் வெளியே வரும். பசையில் ஊறிப் பழுப்பேறி நகம் கழன்ற விரல்கள். ரொட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். அந்த விரல்களைத் தவிர அல்மா அவளை அதிகம் பார்த்ததில்லை. ரொட்டி கொடுத்தது தெரிந்தால் சிறை, ஆகவே பார்க்க ஆசைப்படவும் இல்லை.

சிவப்புக் குறிகள் பெருகியபோது தோல் கோட்டு போட்ட ரகசியப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பசை கெட்டதா என்று அவர்கள் கேட்கவில்லை. பசையைக் கெடுத்தது யார் என்று கேட்டார்கள். அல்மாவையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். பசையே அப்படித்தாங்க வருது, பீப்பாயைத் திறக்கும்போதே நாறுதுங்க என்று அவள் சொல்லியிருக்கலாம்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள்.

முற்றத்தில், இறக்கைகளை லாரியில் ஏற்றும் பாரந்தூக்கியில் பரஸ்காவைத் தொங்கவிட்டார்கள். எல்லோரும் வரிசையாக நின்று பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. சீக்கிரம் முடியவில்லை. கடைசியில் அவளுடைய மரச்செருப்பின் குதி பாரந்தூக்கிக் கம்பத்தில் இடித்தது. ஒரு தட்டு. அல்மாவின் கை, பழக்கதோஷத்தில், ரொட்டிக்காக மேலங்கிப் பைக்குள் போனது.

அது நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகும் அல்மா சிவப்புக் குறியை நிறுத்தவில்லை. இனி யாரைத் தொங்கவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அவள் பையன் லோதார் விமானப் பள்ளியில் சேர்ந்திருந்தான். புருஷனை ரஷ்யப் பனி விழுங்கியாயிற்று, மிச்சம் இருந்தது இவன் ஒருவன். அவன் ஏறப்போகும் விமானத்தில் ஒரு கெட்ட இறக்கைகூட இருக்கக் கூடாது. அதற்காக இன்னொரு பரஸ்கா தொங்க வேண்டுமென்றால் தொங்கட்டும். இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் அப்படித்தான் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லோதார் வந்தான். வளர்ந்திருந்தான், சீருடைக் கை மணிக்கட்டுக்கு மேலே நின்றது. உருளைக்கிழங்கு சூப்பை மூச்சு விடாமல் குடித்தான். அம்மா இன்னும் அலமாரிதான் செய்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தான். பட்டறை வேலையை வீட்டில் பேசுவது குற்றம். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி அதற்காகவே உள்ளே போயிருந்தாள்.

"ஏம்மா, சூப்புல உருளைக்கிழங்கைத் தேட வேண்டியிருக்கே, அதுக்கும் ஒரு விமானம் அனுப்பணுமா?"

"இருக்கறதைக் குடிடா. வாய் மட்டும் நீளுது."

"சரி, சரி. ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. நாங்க இப்போ நிஜ இறக்கையிலயே பறக்கிறோம். இன்ஜின் மட்டும் கிடையாது. மேல இழுத்துட்டுப் போய் விட்டுடுவாங்க, நாம மிதந்து இறங்கணும்."

"நிஜ இறக்கைன்னா?"

"அதிசய விமானத்துக்குச் செஞ்சதும்மா. ஏதோ சின்னக் குறையாம். வேகமாப் போறதுக்கு ஆகாதாம், எங்களுக்குப் போதுமாம். ஒவ்வொண்ணுலயும் சிவப்பா ஒரு பெருக்கல் குறி போட்டு வருது. பசங்க அதைத் துடைச்சுட்டு அங்க பொம்பளப் படம் வரையிறானுங்க. நேத்து வந்ததுல ஒரு கோடு கோணலா இருந்தது. குறி போட்டவன் குடிச்சிருப்பான் போல."

கரண்டி அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி ஆயிட்ட? ஒண்ணும் ஆகாது, பாரு." கெட்டது அண்டாமலிருக்க ஊரில் எல்லோரும் செய்வது போல லோதார் மேஜைக்கு அடியில் கையை விட்டு மரத்தில் தட்டினான். மூன்று.

மேஜைக்கு அடியிலிருந்து இன்னொன்று வந்தது.

அல்மா மகன் முகத்தைப் பார்த்தாள். அவன் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி மிச்ச சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் ட்ரிப்பலைத் தனியாகப் பிடித்தாள். "குறி போட்டதெல்லாம் எங்கேங்க போகுது?"

"எங்கே போகும்? பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குத்தான். இந்தக் காலத்துல ஒரு சிம்பை வீணாக்க முடியுமா? அவனுங்க மெதுவா மிதக்கறவனுங்க."

"என் பையன் அங்கதாங்க இருக்கான்."

ட்ரிப்பல் தாடையைச் சொறிந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "இதை என்கிட்ட சொன்ன, சரி. வேற யார்கிட்டயும் சொல்லி வைக்காத. அந்தக் கோட்டுக்காரங்க திரும்ப வந்தா உன் சுண்ணக்கட்டியிலேருந்துதான் ஆரம்பிப்பாங்க. போய் வேலையைப் பாரு."

அவள் வேலையைப் பார்த்தாள். ஆனால் அன்றிலிருந்து வேறு விதமாகப் பார்த்தாள்.

கணீரென்று ஒலித்த இறக்கைகளுக்குச் சிவப்புக் குறி போட்டாள். அவை லோதாரிடம் போகட்டும். பொதபொதவென்று ஒலித்தவற்றைக் குறி இல்லாமல் விட்டாள். அவை போருக்குப் போகட்டும். யாரோ பெற்ற பிள்ளைகள் அவற்றில் ஏறி, மின்னலாகப் பாய்ந்து, பசை விட்டு, வானத்தில் சிதறட்டும். அல்மா கெட்டவள் இல்லை என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கெட்டவர்களால் மட்டும்தான் இப்படிச் செய்ய முடியும் என்று நினைப்பவர்கள் பிள்ளை பெறாதவர்கள்.

நல்ல இறக்கைகளில் மூன்று தட்டினால் மூன்றுதான் கேட்டது. கெட்டவற்றை அவள் கடத்தி விடும்போதெல்லாம் நான்காவது வந்தது. முதலில் மெல்ல வந்தது. பிறகு அவள் மரச்சுத்தியை எடுப்பதற்கு முன்பே வந்தது. கெட்ட இறக்கை எது என்று தட்டாமலே தெரியத் தொடங்கியது. தாங்கிகளின் மேல் வரிசையாகக் கிடந்தவற்றின் நடுவே நடக்கும்போது, அவள் கடக்கக் கடக்க, ஒவ்வொன்றாக. வாடையும் வீடு வரை வந்தது. தலைமுடியில், தலையணையில், குடிக்கிற தண்ணீரில்.

கொட்டகையில் இப்போது வேறொரு பெண் பசை கிண்டினாள். அவள் சுவரைத் தட்டுவதே இல்லை. அல்மாவும் ரொட்டி ஓரத்தை நீட்டுவதை நிறுத்தி, தானே தின்னப் பழகியிருந்தாள்.

மார்ச் மாதத்தில் ஒரு மத்தியானம், மூடுபனி முற்றத்தை அடைத்துக்கொண்டிருந்த நேரம், ட்ரிப்பல் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். முகமெல்லாம் பூரிப்பு.

"அல்மா, மனசு கேட்கலம்மா எனக்கு. இருந்த ஒரே தங்கச்சி பையனையும் பறிகொடுத்தவன் நான். உன் விஷயம் மண்டைக்குள்ளயே சுத்திட்டிருந்தது. அதனால ஒரு காரியம் பண்ணினேன். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"என்னங்க பண்ணினீங்க?"

"குறி விழாத இறக்கையா, நல்லதா ரெண்டு பார்த்து, நானே பொறுக்கி எடுத்து, உன் பையன் பேர் சொல்லிப் பள்ளிக்கு அனுப்பிட்டேன். அங்க சார்ஜன்ட் நம்ம ஆளு. நேத்தே மாட்டிட்டாங்களாம். நாளைக்குக் காலையில முதல் ஓட்டம் லோதார்தான். இனிமே நிம்மதியாத் தூங்கு."

ட்ரிப்பலின் முகம் அவள் முன்னால் சிரித்துக்கொண்டே இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் அலுவலகக் கண்ணாடி தெரிந்தது. உள்ளே மேஜை மேல் தொலைபேசி. ஒரு சொல் போதும். அந்த இறக்கை கெட்டது, எனக்குத் தெரியும், தெரிந்தேதான் விட்டேன்.

"ஏங்க..." என்றாள்.

"என்னம்மா?"

வெளியே மூடுபனிக்குள் பாரந்தூக்கியின் சங்கிலி கிறீச்சிட்டது. ஓர் இறக்கை மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது, அந்தரத்தில் லேசாகச் சுற்றியபடி. பரஸ்காவும் அப்படித்தான் சுற்றினாள்.

"ஒண்ணுமில்லைங்க," என்றாள் அல்மா. "ரொம்ப நன்றிங்க."

அன்று சாயங்காலம் முழுவதும் அவளுக்கு நேரம் இருந்தது. தபால் நிலையத்திலும் தொலைபேசி இருந்தது, அதைக் கடந்துதான் வீட்டுக்கு வந்தாள். பேர் சொல்லாமல் பேசலாம் என்று நினைத்தாள். குரல் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். மெதுவாகத்தானே மிதக்கிறார்கள், ஒரு தடவை தாங்காதா என்று நினைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு தட்டு. கட்டில் காலிலிருந்து ஒன்று. கதவிலிருந்து ஒன்று. கம்பளி நூலைச் சுருட்டிக் காதில் அடைத்துக்கொண்டு, குண்டு போடுபவனுக்கு வெளிச்சம் தெரியாமலிருக்க மாட்டிய கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

காலையில் பட்டறைத் தொலைபேசி அடித்தது. ட்ரிப்பல் எடுத்தார். கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த மரச்சுத்தியை இறக்கையின் மேல் வைத்தாள். அது உருண்டு விழாமல் இருக்கும்படி பார்த்து வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, பொழுது சாயும் வேளையில் சவப்பெட்டி வந்தது. இறக்கை வேலைக்கு நடுவே அவள் பட்டறையிலேயே செய்த பெட்டிதான். அதே பலகை, அதே பசை. ஒரு முனையை ட்ரிப்பல் ஒற்றைக் கையில் பிடித்துக்கொள்ள, மறுமுனையை வண்டிக்காரன் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கவே இல்லை. அவ்வளவு லேசாக இருந்தது. வீட்டில் சூடு இருந்த இடம் சமையலறை ஒன்றுதான். மேஜை மேலேயே வைத்தார்கள்.

"திறக்கக் கூடாதுன்னு உத்தரவும்மா," என்றார் ட்ரிப்பல், தொப்பியை நெஞ்சோடு அமுக்கியபடி. "திறந்தாலும்... வேண்டாம். அவன் ரொம்ப உயரத்துல இருந்தானாம். நல்ல இறக்கை, அல்மா. நானே பொறுக்கி எடுத்தது. எப்படி ஆச்சுன்னே தெரியல." அவர் அழுதார். அல்மா அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று.

அவர்கள் போனபின் அடுப்பில் இன்னும் கொஞ்சம் விறகு போட்டாள். பிள்ளைக்குக் குளிருமே என்று நினைத்தாள். உத்தரவுப்படி கறுப்புத் திரையை இழுத்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். விறகு பற்றிக்கொண்டு சடசடத்தது, அறை மெல்லச் சூடேறியது, சூடு ஏற ஏறப் புளித்த வாடை பெட்டியிலிருந்து எழுந்து, கூரை வரை போய், திரும்பி அவள் மேல் இறங்கியது. அவள் மூடியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

அப்போது கேட்டது.

தட்டு. தட்டு. தட்டு.

மூன்று.

மூன்று! லோதார். மேஜைக்கு அடியில் தட்டிய அதே மாதிரி. அவன் கை. அவன்தான். தப்பாகக் கொண்டுவந்துவிட்டார்கள், உயிர் இருக்கிறது, மடையர்கள் உயிரோடு ஆணி அடித்துவிட்டார்கள்.

"லோதார்! அம்மா இருக்கேன்டா! இருடா கண்ணு, இரு!"

ரொட்டிக் கத்தியை எடுத்தாள். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே நுழைத்தாள். நெம்பத் தேவைப்படவில்லை. பசை விட்டிருந்தது. சூட்டில் இளகி, பழுப்பாக, மேஜை விரிப்பின் மேல் வழிந்துகொண்டிருந்தது. விளிம்பு தானாகவே விரிந்தது. ஒரு மயிரிழை. ஒரு கத்தி முனை. ஒரு விரல்கடை.

உள்ளே இருட்டு.

"லோதார்?"

பதில் இல்லை. அடுப்பு சடசடத்தது. பிறகு உள்ளிருந்து, பலகைக்கு அந்தப் பக்கம், மெதுவாக.

ஒரு தட்டு.

ஒன்றே ஒன்று.

கத்தி கையிலிருந்து விழுந்தது. அல்மா பின்னால் நகர்ந்தாள். சுவர். அதற்கு மேல் நகர இடமில்லை.

இடுக்கின் வழியே விரல்கள் வெளியே வந்தன. மூன்று. பழுப்பேறியவை. நகம் கழன்றவை. மேஜை விளிம்பு வரை நீண்டு, திரும்பி, உள்பக்கம் மேலே தெரிய விரிந்து நின்றன.

அல்மாவின் கை மேலங்கிப் பைக்குள் போனது. தேடியது. பையைப் புரட்டித் தேடியது. பைக்குள் சிவப்புச் சுண்ணக்கட்டியின் தூள்தான் இருந்தது. வீட்டில் ஒரு துண்டு ரொட்டிகூட இல்லை.

விரல்கள் காத்திருந்தன.